கொள்ளிடக் கரையில் ஒரு சந்தாக் கேள்வி

ஹாம் ரேடியோ என்னும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் வாங்கியவர்களிடையே ஓயாமல் நடக்கும் வாதம் ஒன்று உண்டு. நாடு முழுமைக்குமான சங்கத்துக்குச் சந்தா கட்டுவதால் நமக்கு என்ன கிடைக்கிறது? இந்தியாவில் அந்தச் சங்கம் ஏ.ஆர்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களைவிட அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருப்பவர்களை இந்தக் கேள்வி அதிகம் உறுத்துகிறது. பெருநகரத்துக்காரருக்குச் சங்கம் என்றால் மாதக் கூட்டம், பழகிய முகங்கள், செட் பழுதானால் வந்து பார்க்கும் நண்பர். இங்கே இருப்பவருக்கோ அது ஒரு பெயரும் ஒரு வங்கிக் கணக்கும்தான்.

வேண்டாம் என்பவர்களின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். உரிமம் தருவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. தேர்வு நடத்துவதும், அழைப்புக்குறி ஒதுக்குவதும் அதன் கீழ் உள்ள டபிள்யு.பி.சி. பிரிவு. பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். மோர்ஸ் குறியீடு தெரியாதவருக்குக் கட்டுப்பாடுள்ள தர உரிமம். நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிந்தவருக்குப் பொதுத் தர உரிமம். எங்கள் பக்கத்து மாணவர் ஒருவர் இதற்காகச் சென்னைக்குப் போகவேண்டும். அரியலூர்க்காரர் என்றால் பல்லவன் ரயிலில் ஏறிவிடலாம். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது, பேருந்துதான். தேர்வு எழுதிவிட்டு வந்தபின் உள்துறைச் சரிபார்ப்பு முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் அவர் தன் காசிலும் தன் பொறுமையிலும் செய்து முடிக்கிறார். ஆண்டெனாக் கம்பியும் செட்டும் அவர் பணம். சங்கத்தில் சேராவிட்டால் உரிமம் பறிபோகாது. வானலையில் அவரை யாரும் "நீங்கள் உறுப்பினரா?" என்று கேட்கவும் மாட்டார்கள். அப்படியிருக்க, முகம் தெரியாத ஒரு நிர்வாகக் குழுவுக்கு அவர் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?

இது நியாயமான கேள்வி. "எல்லோரும் சேர்ந்தால்தான் பலம்" என்ற பொதுவான பதில் இதற்குப் போதாது. சங்கம் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, அது செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்களா என்று தனித்தனியே பார்க்கவேண்டியிருக்கிறது.

நம் மாகாணத்திலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. இந்தியாவில் முதல் அமெச்சூர் உரிமம் 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவுக்குக் கிடைத்தது. மூன்றே ஆண்டில், 1924 மே 16-இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 31-இல் 40 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து ஊருக்கே நிகழ்ச்சி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பின்னர் அதை 200 வாட்டாக உயர்த்தினார்கள். அரசாங்கம் கை வைக்காத காலத்தில் ஆர்வலர்களே சேர்ந்து ஒரு நகரத்துக்கு வானொலியைக் கொண்டுவந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆனால் 1927-இல் கிளப் பண நெருக்கடியால் ஒலிபரப்பை நிறுத்தியது. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரலில் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

ஒலிபரப்பு நின்றதற்குக் காரணம் அதைக் கேட்க ஆள் இல்லாமையன்று என்றே நினைக்கிறேன். வானலையின் இயல்பே சிக்கல். ஒரு டிரான்ஸ்மிட்டர் எழுப்பும் அலை சந்தா கட்டியவர் வீட்டில் மட்டும் போய் இறங்குவதில்லை. கட்டாதவர் வீட்டிலும் அதே தெளிவோடு கேட்கும். அப்படிப்பட்ட ஒன்றைச் சந்தாவை நம்பி நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை மெட்ராஸ் கிளப் மூன்றே ஆண்டில் கண்டுகொண்டது. இன்றைய தேசியச் சங்கத்தின் சிக்கலும் இதுவேதான். அது வாங்கித் தருவது உறுப்பினர் அல்லாதவருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அது என்ன வாங்கித் தருகிறது? இங்கேதான் சற்று நின்று பார்க்கவேண்டும். அலைவரிசை யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலக ரேடியோ மாநாடு கூட்டி எந்த அலைவரிசை யாருக்கு என்று ஒப்பந்தம் போடுகிறது. மொபைல் நிறுவனம், விமானம், கப்பல், ராணுவம், செயற்கைக்கோள், ஒலிபரப்பு என்று எல்லோரும் அந்த மேசையில் இடம் கேட்கிறார்கள். காசு கொடுத்து ஸ்பெக்ட்ரம் ஏலம் எடுப்பவர்களுக்கு நடுவே, லாபம் ஏதும் காட்டமுடியாத பொழுதுபோக்குக்காரர்களுக்காக யார் பேசுவது? 1925 ஏப்ரல் 18-இல் பாரிஸில் கூடி அமைத்த சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் பேசுகிறது. அந்த நாளைத்தான் இன்று உலக அமெச்சூர் ரேடியோ நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த ஒன்றியத்தில் நாட்டுக்கு ஒரே ஒரு சங்கம்தான் உறுப்பினராக இருக்கமுடியும். இந்தியாவுக்கு அந்த இடத்தில் இருப்பது ஏ.ஆர்.எஸ்.ஐ. நம் நாட்டில் எத்தனை நல்ல கிளப்கள் இருந்தாலும், எத்தனை பெரிய மேதைகள் இருந்தாலும் அந்த நாற்காலி ஒன்றுதான்.

அந்த நாற்காலியின் மதிப்பை 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தமிழ்நாட்டு ஹாம்களின் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் நடப்பது அங்கேதான். வெகுகாலம் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் அமெச்சூர்களுக்கு 7.0 முதல் 7.1 வரை மட்டுமே இருந்தது. அதற்கு மேலே உலகின் பெரிய சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் ஆக்கிரமித்திருந்தன. சாயங்காலம் ஆனால் பலநூறு கிலோவாட் நிலையங்களின் இரைச்சலில் நூறு வாட் அமெச்சூர் குரல் முங்கிப்போகும். 2003-இல் ஜெனிவாவில் நடந்த மாநாடு, ஒலிபரப்பு நிலையங்கள் 7.1 முதல் 7.2 வரையிலான இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று முடிவெடுத்தது. 2009 மார்ச் 29 கெடு. அந்த நூறு கிலோஹெர்ட்ஸைப் பெறுவதற்கு நாட்டுச் சங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் அரசுகளிடம் ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வந்தன. இன்று அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ ஒருவர் 7.150-இல் மைக்கை அழுத்தினால், அவர் பேசுகிற இடம் அப்படிக் கேட்டு வாங்கிய இடம். அதற்கு முன், 1979 மாநாட்டில் 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் கிடைத்ததும் இதே வழியில்தான்.

புதிதாக வாங்குவதைவிட இருப்பதைக் காப்பது கடினமான வேலை. வெளியே தெரியாத வேலையும்கூட. 2019-இல் பிரான்ஸ், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசையை விமானத் தொடர்புக்கும் பயன்படுத்தலாமா என ஆராயவேண்டும் என்று ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில் ஒரு முன்மொழிவை வைத்தது. கையடக்க செட் வைத்திருக்கும் உலகத்து ஹாம்கள் எல்லோரும் முதலில் காலடி வைப்பது அந்த அலைவரிசையில்தான். சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. சில மாதங்களில் முன்மொழிவு கைவிடப்பட்டது. 2023-இல் துபாயில் நடந்த மாநாட்டின்போது 1240 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை ஆபத்தில் இருந்தது. ஐரோப்பாவின் கலிலியோ போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்கு அமெச்சூர்களால் இடைஞ்சல் வரும் என்ற கவலை. அங்கே அமெச்சூர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக, எந்தப் பகுதியில் எவ்வளவு சக்தியோடு இயங்கலாம் என்ற பரிந்துரையோடு விஷயம் முடிந்தது. உட்கார்ந்து வாதாட ஆள் இருந்ததால் கிடைத்த சமரசம் அது.

இந்த வரலாற்றைப் பார்த்தபின் "எனக்கு என்ன கிடைத்தது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. செட்டைப் போட்டவுடன் பேச இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடம் சந்தா கட்டாதவருக்கும் கிடைத்தது. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சங்கத்தின் மிகப் பெரிய பயன், சங்கத்தில் சேரச் சொல்லும் மிக வலுவற்ற காரணமாகவும் இருக்கிறது. தேசியச் சங்கங்கள் பல நாடுகளில் சிறுபான்மையாகவே இருப்பதன் வேர் இதுதான்.

வெளிநாட்டு நிலைமையும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் உரிமம் வைத்திருப்பவர்கள் ஏழு லட்சத்துக்கு மேல். 1914-இல் தொடங்கிய அந்நாட்டுச் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.-இல் உறுப்பினர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். 2024-இல் சந்தாவை 49 டாலரிலிருந்து 59 டாலராக உயர்த்தினார்கள். அதே ஆண்டு கணினித் தாக்குதலுக்கு ஆளாகிப் பத்து லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுத்தார்கள். அங்கேயும் உறுப்பினர்கள் கணக்குக் கேட்டுக் கொதித்தார்கள். ஜப்பானில் 1995 வாக்கில் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த அமெச்சூர் நிலையங்கள் இப்போது நான்கு லட்சத்துக்கும் கீழே. இந்தியாவில் இருபதாயிரத்துச் சொச்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டில் இது ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை. அதிலும் சந்தா கட்டுகிறவர்கள் ஒரு பகுதிதான். டெல்லியில் ஓர் அதிகாரி முன்னால் போய் உட்காரும் சங்கப் பிரதிநிதியிடம் "நீங்கள் எத்தனை பேருக்காகப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டால் அவர் சொல்லும் எண்ணிக்கையில் நாமும் இருக்கவேண்டுமா என்பதுதான் உண்மையில் சந்தாக் கேள்வி.

இனி மறுபக்கம். ஹாம் ரேடியோவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லாச் சாதனையையும் தேசியச் சங்கத்தின் கணக்கில் வரவு வைத்துவிடுவார்கள். அது சரியல்ல. சுனாமியை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. அந்தமானிலிருந்து அமெச்சூர் நிலையம் இயங்க அரசு அனுமதிப்பது மிக அரிது. உலக ஹாம்கள் அந்த அழைப்புக்குறிக்காகக் காத்திருந்தார்கள். 26-ஆம் தேதி காலை நிலம் அதிர்ந்து, கடல் ஊருக்குள் வந்து, தொலைபேசி எல்லாம் ஓய்ந்தபோது அந்தக் குழு பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது. தீவுகளில் சிக்கிய மனிதர்களின் நலச் செய்தியைப் பெருநிலத்துக்கும், பெருநிலத்தின் தவிப்பைத் தீவுக்கும் கொண்டுசேர்த்தது. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது ஏ.ஆர்.எஸ்.ஐ. அல்ல, 1983-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம். பெயரில் 'தேசிய' என்று இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. ஒன்று பயிற்சியும் பேரிடர் உதவியும் செய்யும் நிறுவனம். மற்றது உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு நடத்தும் சங்கம்.

அதே நாளில் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு. இலங்கையில் அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கும் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் விக்டர் குணதிலகவும் இலங்கை ரேடியோ சங்கத்து நண்பர்களும். அங்கே தேசியச் சங்கமே நேராகக் களத்தில் இறங்கியது. சிறிய நாட்டில் தேசியச் சங்கமும் உள்ளூர்ச் சங்கமும் ஒன்றாகவே இருக்கமுடிகிறது. இந்தியாவின் பரப்பில் அது நடக்காது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2018-இல் கேரளம் மூழ்கியபோதும் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அந்தந்த ஊர் ஹாம்கள், அந்தந்த ஊர் கிளப்கள். 2005 மே 5-இல் பி.எஸ்.எல்.வி. சி-6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட் என்னும் 42.5 கிலோ செயற்கைக்கோள் ஒன்பது ஆண்டு உலக ஹாம்களுக்குப் பயன்பட்டது. அது இஸ்ரோவும் அமெச்சூர் செயற்கைக்கோள் அமைப்பான ஆம்சாட் இந்தியாவும் தந்த கொடை. 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசியதற்கும் வேறு அமைப்புகள் துணைநின்றன. இவற்றுக்காக ஏ.ஆர்.எஸ்.ஐ.க்குச் சந்தா கட்டச் சொல்வது தவறான விளம்பரம்.

உறுப்பினருக்கு நேராகக் கிடைப்பவை என்று எடுத்தால், முதலில் வருவது கியூ.எஸ்.எல். பீரோ. வெளிநாட்டு ஹாமோடு பேசியதற்குச் சாட்சியாக அட்டை அனுப்பிக்கொள்வது பழைய மரபு. ஒவ்வோர் அட்டையையும் தனியே தபாலில் அனுப்பக் கட்டுப்படியாகாது என்பதால் சங்கம் மொத்தமாகச் சேர்த்து அனுப்பி, வருவதைப் பிரித்துத் தருகிறது. சுவரில் அட்டை ஒட்டி அழகுபார்க்கும் தலைமுறைக்கு இது பெரிய சேவை. கணினியில் உடனுக்குடன் உறுதி செய்துகொள்ளும் இன்றைய இளைஞருக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. செய்தி இதழும் அப்படித்தான். ஒருகாலத்தில் உலகச் செய்தி வரும் ஒரே வழியாக இருந்தது, இப்போது மொபைலில் முன்பே வந்துவிடுகிறது. அட்டையையும் இதழையும் காட்டி ஒரு கல்லூரி மாணவரைச் சேர்க்கமுடியாது. அப்படிச் சேர்க்கப் பார்ப்பதை நிறுத்துவது நல்லது என்பது என் கருத்து.

அவரைச் சேர்க்கக்கூடியது விதிகள் பற்றிய விஷயம். இந்தியாவில் அமெச்சூர் நிலையங்கள் 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி, அதன்பின் வந்த திருத்தங்களோடு இயங்கிவந்தன. அந்த விதிகளுக்கு அடித்தளமான 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்துக்கும் மாற்றாக 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இனி எழுதப்படும் விதிகள் எல்லாம் அதன்கீழ்தான். 2025 மே மாதத்தில், இணையக் கடைகள் வாக்கி டாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உரிமம் இல்லாதவர் கையில் கண்ட அலைவரிசையிலும் பேசும் செட் போய்ச் சேர்வது ஆபத்து என்பதில் எனக்கு ஐயமில்லை. காவல்துறையின் தொடர்பையும் விமானத்தின் தொடர்பையும் அது குலைக்கக்கூடும். ஆனால் உரிமம் வாங்கி, அழைப்புக்குறி சொல்லிப் பேசும் ஒருவருக்கும் அப்படி வாங்கியவருக்கும் வேறுபாடு உண்டு என்பதை விதி எழுதும் மேசையில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தா.பழூரிலிருந்து ஒரு தனி மனிதர் எழுதும் கடிதம் அந்த மேசைவரை போகாது. அலைவரிசையிலும் நம் குறை தீரவில்லை. உலகின் பெரும்பகுதியில் 430 முதல் 440 மெகாஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு இருக்க, நமக்கு அனுமதித்தது 434 முதல் 438 வரைதான். கேட்கவேண்டியது இன்னும் இருக்கிறது. கேட்பவருக்குப் பின்னால் ஆள் வேண்டும்.

அனுமதி எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் அத்தனையும் ஒரே உத்தரவில் ரத்தாயின. போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கியபோது, சிதறிக்கிடந்த ஆர்வலர்கள் 1948 மே மாதம் மத்திய இந்தியாவின் மோவ் ஊரில், ராணுவ சிக்னல்ஸ் பள்ளியை ஒட்டி ஒரு கிளப் அமைத்தார்கள். அதுவே 1954-இல் டெல்லிக்கு மாறி ஏ.ஆர்.எஸ்.ஐ. என்ற பெயரைப் பெற்றது. உரிமம் இழந்து ஆண்டுக்கணக்கில் வாய்மூடி இருந்தவர்கள் கூடிக் கட்டிய சங்கம் அது. அதன் முதல் வேலை அரசோடு பேசுவதாக இருந்ததில் காரணம் இருக்கிறது.

இப்போது எங்கள் பகுதிக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லை முழுவதும் கொள்ளிடம். திருமானூர், திருமழபாடி, மதனத்தூர் என்று வடகரையில் வரிசையாக ஊர்கள். மேட்டூரிலிருந்து உபரிநீர் திறந்தால் முக்கொம்பில் காவிரிக்குப் போகாத வெள்ளம் முழுவதும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கமாட்டார்கள். உள்ளே மருதையாறு இருக்கிறது. பச்சைமலையில் பிறந்து, ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடந்து, பெருமழையில் திடீரென்று கரைபுரளும் ஆறு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அந்த ஆற்றின் பாலம் வெள்ளத்தில் பலவீனப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தது அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான். அரியலூர் என்ற பெயரை நாடு அறிந்தது அப்படித்தான்.

இத்தகைய மண்ணில் ஹாம் ரேடியோ என்ன செய்யமுடியும் என்பதைக் கணக்கோடு சொல்லலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய டைபோல் ஆண்டெனா இருபது மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் ஒரு கேபிள். மாடிக்கும் வேப்பமரத்துக்கும் இடையே கட்டினால் போதும். தாழ்வாகக் கட்டிய டைபோலின் அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு, பகலில் முந்நூறு நானூறு கிலோமீட்டர் தூரம்வரை சுற்றிலும் இறங்கும். சென்னையும் நாகப்பட்டினமும் மதுரையும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன. நடுவில் ஒரு கோபுரமும் வேண்டாம். கார் பேட்டரி போதும். ஊருக்குள் பேச இரண்டு மீட்டர் கையடக்க செட் இருக்கிறது. ஆனால் தரைமட்டத்தில் ஐந்து வாட்டுக்கு அதன் எட்டம் சில கிலோமீட்டர்தான். திருமானூர்க் கரையிலிருந்து அரியலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அது போய்ச் சேராது. பச்சைமலையின் கிழக்கு முகட்டில், அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் இருந்தால் பெரம்பலூரும் அரியலூரும் ஒரே வலைக்குள் வந்துவிடும். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் இருக்கும் ரிப்பீட்டர்களால் அந்தச் சுற்றுவட்டார ஹாம்கள் பெறும் பலனைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதில் தேசியச் சங்கத்துக்கு வேலை எங்கே என்று கேட்கலாம். கம்பியை நாம் கட்டிக்கொள்ளலாம். ரிப்பீட்டருக்கு உள்ளூரில் பணம் திரட்டிக்கொள்ளலாம். ஆனால் ரிப்பீட்டருக்கு உரிமம் டெல்லியிலிருந்து வரவேண்டும். மலையில் இடத்துக்கு வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. அதன் திட்டத்தில் அமெச்சூர் நிலையங்களுக்கு ஓர் இடம் எழுதப்பட வேண்டும். வெள்ளம் வந்த அன்று செட்டோடு போய் நின்றால் காவலர் முதலில் கேட்பது, "யார் நீங்கள், இது எதற்கு?" என்பதுதான். மழைக்கு முன்பே கடிதமும் ஒத்திகையும் நடந்திருந்தால் அந்தக் கேள்வி எழாது. அப்படி ஒரு கடிதத்துக்கு நாடு அறிந்த சங்கத்தின் பெயர் பின்னால் இருந்தால் கிடைக்கும் மதிப்பு, தனிமனிதர் நால்வரின் கையெழுத்துக்குக் கிடைக்காது.

ஆகவே சந்தா கட்டலாம் என்பது என் முடிவு, நானும் கட்டுகிறேன். ஆனால் கட்டிவிட்டு வாய்மூடி இருப்பதால் சங்கத்துக்கும் நன்மையில்லை. பெருநகரத்து உறுப்பினர்களே நிறைந்த எந்தச் சங்கமும் தானாகப் பெருநகரத்தின் தேவையைத்தான் பார்க்கும். அது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல; பேசுகிறவர் தேவை காதில் விழுகிறது. நிர்வாகக் குழுத் தேர்தலில் ஓட்டுச்சீட்டு வந்தால் அதை நிரப்பி அனுப்பவேண்டும். ஆண்டறிக்கையில் வரவுசெலவு இருக்கிறதா, டபிள்யு.பி.சி.யிடம் அந்த ஆண்டு எழுதிய கடிதங்கள் எவை, அவற்றுக்கு வந்த பதில் என்ன என்று கேட்கவேண்டும். இதில் சங்கத்தின் பொறுப்பும் பெரிது. செய்த வேலையைச் சொல்லாத சங்கத்துக்கு உறுப்பினர் எப்படிச் சேர்வார்? 7 மெகாஹெர்ட்ஸ் கதையை இன்று உரிமம் வாங்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. அவரிடம் அட்டைப் பெட்டியைக் காட்டுகிறார்கள்; அவர் பேசுகிற அலைவரிசையைக் காட்டுவதில்லை.

மாவட்டங்களுக்கு ஒரு கிளை அமைப்பு வேண்டும் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வேன். தேர்வுப் பாடங்களைத் தமிழில் நடத்த ஆள் அனுப்பினால், அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியிலும் அரசு கலைக் கல்லூரியிலும் கேட்க மாணவர்கள் இருப்பார்கள். மின்னணுவியல் படித்தும் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கையால் தொடாமல் பட்டம் வாங்கும் பிள்ளைகள் அவர்கள். கல்லூரிக்கு ஒரு கிளப் நிலையம் இருந்தால் தேர்வுக்குச் சென்னை போகும் செலவைக்கூட பத்துப் பேராகச் சேர்ந்து சமாளிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது டபிள்யு.பி.சி. அதிகாரிகள் திருச்சியில் தேர்வு நடத்தும்படி சங்கம் கேட்டு வாங்கினால், நான்கைந்து மாவட்டங்களுக்கு அது வாசல் திறந்ததுபோல் இருக்கும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கேட்கும் அமைப்பின் பெயரும் விடாமுயற்சியும்தான் தேவை.

அடுத்த உலக ரேடியோ மாநாடு 2027 அக்டோபரில் ஷாங்காயில் தொடங்குகிறது. அதற்கு இந்தியா எந்த நிலைப்பாட்டோடு போகும் என்பது மாநாட்டு மண்டபத்தில் தீர்மானமாவதில்லை. முன்கூட்டியே டெல்லியில், தொலைத்தொடர்புத் துறையின் ஆயத்தக் கூட்டங்களில் தீர்மானமாகிறது. அந்தக் கூட்டங்களுக்கு சங்கம் கொண்டுபோகும் மனுவில் 430 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பற்றி ஒரு பத்தி இருக்கவேண்டும். அதோடு, டபிள்யு.பி.சி.க்குத் தனியே எழுதும் கடிதத்தில் மாவட்ட ரிப்பீட்டர் உரிமத்தைக் கெடு வைத்து முடிக்கக் கோரும் பத்தியும் இருக்கவேண்டும். இரண்டையும் எழுதித் தர அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஹாம்கள் நாங்கள் தயாராக இருக்கிறோம். சந்தாத் தொகையோடு அதையும் சேர்த்து அனுப்புவோம்.